படகுத்துறை மனுக்காரர்

தம்பி, கொஞ்சம் நவுந்துக்கிடுங்க. சன்னல் பக்கம் நீங்களே இருங்க, எனக்கு இந்தத் தண்ணியப் பாத்துப் பாத்துச் சலிச்சுப் போச்சு. பைய மடியில வச்சிக்கிடுதேன், உள்ள முக்கியமான காயிதம் இருக்கு. டவுனுக்கா? அப்பம் சரி, அம்பது நிமிசம் ஆவும். படகுல போனா எட்டே நிமிசம். அந்தா, அந்தக் கரையில மணிக்கூண்டு தெரியுதுல்லா, அதான் டவுனு. பஸ்ஸு தெக்க போயி, உப்பளத்தச் சுத்தி, பாலம் ஏறி, பெறவு வடக்க வரணும்.

படகுல ஏன் போவலன்னு கேக்கீயளா? நல்ல கேள்வி. அதுக்குப் பதில் சொல்ல எங்க திட்டு ஊர்ல என்ன விட்டா வேற ஆளு கிடையாது. அந்த விசயம் ஆதியிலருந்து அந்தம் வரைக்கும் என் கையால நடந்தது.

திரும்பிப் பாக்காதீய. பின்னால கூடையோட இருக்கிறவ எல்லாம் எங்க ஊரு மீன்காரப் பொம்பளையதான். நான் ஏறுனா எம் பக்கத்து சீட்டுல ஒருத்தியும் உக்கார மாட்டா. நின்னுக்கிட்டே வருவாளுவ. படிச்ச மனுசன்னு ஒரு மரியாத. கடைசி சீட்டுல பச்சச் சேல கட்டியிருக்காள்லா, அது என் வீட்டுக்காரி மதலேன். நாப்பத்திமூணு நாளு எங்கிட்டப் பேசாம இருந்தா. மாதாவுக்கு ஏதோ நேர்ச்ச போல.

எம் பேரு சவரிராயன். கப்பல் ஏஜெண்டு ஆபீஸ்ல முப்பத்தோரு வருசம் டைப்படிச்சேன். ரிட்டையர் ஆவும்போது பழைய மெசினத் தூக்கிப் போடப் போனாவ, நான் தலையில வச்சு வீட்டுக்குக் கொண்டாந்துட்டேன். எங்க ஊர்ல வீட்டுக்கு வீடு வலை இருக்கு, இஞ்சின் இருக்கு. டைப் மெசின் என் வீட்டுல மட்டும்தான். அப்பம் ஊருக்கு ஒரு கொறைன்னா எவன் எழுதணும்? நான்தான எழுதணும்.

டவுன்ல தண்ணிக் கரைய நாலு வருசத்துக்கு முன்னால அழகுபடுத்துனாவ. டைல்ஸ் போட்டு, லைட்டுக் கம்பம் நட்டு, பெஞ்சு வச்சு, போட்டோ புடிக்கச் சிமெண்டுல ஒரு திமிங்கலம் வேற. அதுக்குக் கீழ பதினெட்டுப் படி. படகு கட்ட ஆறு இரும்பு வளையம். மேல ஒரு போர்டு: 'பொதுப் படகுத்துறை. அனைவரும் பயன்படுத்தலாம்.' அம்புட்டுதான், தம்பி. ஒரே வரி. எனக்கு அதப் பாத்ததும் மனசு ஆறல. ஒரு அரசாங்கப் போர்டுல இவ்வளவு காலி எடமா?

மதலேனுக்குத் தம்பி ஒருத்தன், கஸ்பார்னு, ஃபைபர் படகு வச்சிருக்கான். காலையில ஆறு மணிக்குப் பதினாலு பொம்பளையளையும் கூடையளையும் ஏத்திட்டுப் போயி அந்தப் படியில எறக்குவான். படியேறி ரோட்டத் தாண்டுனா மார்க்கெட்டு. பதினோரு மணிக்குள்ள வித்துருவாளுவ. அது வரைக்கும் கஸ்பார் படகுலயே கெடப்பான். துறைக் காவக்காரர் பேச்சிமுத்து எறங்கி வருவாரு, ரெண்டு பேரும் சீட்டு ஆடுவாவ. பதினோரு மணிக்கு ஏத்திட்டு வந்துருவான். ஒருத்தரும் ஒருத்தரையும் ஒரு கேள்வி கேக்கல. அப்படி ஒரு ஒழுங்கீனம்.

இதுக்கெடையில டவுனு ஜவுளிக்கட மொதலாளி குலசேகர் ஒரு வெள்ளப் படகு வாங்குனாரு. உள்ள ஏசி, மேல சாய்வு நாக்காலி. வாங்கி ரெண்டு தடவ சுத்துனாரு, பெறவு வாந்தி வருதுன்னு விட்டுட்டாரு. படகு மட்டும் படிக்கு நேரா, மொத வளையத்துல மாசக்கணக்கா கெடக்கு. கஸ்பார் என்ன செய்யணும்? சண்ட போடணும்லா? அவன் எம் மாமனாரு மகன், சொரண கெட்டவன். வெள்ளப் படகுக்கு ஒட்டித் தன் படகக் கட்டிட்டான். பொம்பளைய அந்தப் படகு மேல ஏறி, நடந்து, படியில எறங்குனாளுவ. அதுல ஒரு காவலாளி இருந்தான், அவனே கூடைய வாங்கி வச்சுக் கை குடுப்பான். அவனுக்குத் தினம் ஒரு கை சாள மீனு. ஜவுளிக்கடக்காரரு படகுல மீன் தண்ணி சொட்டச் சொட்ட மூணு மாசம் இப்படியே போச்சு. யாருக்கும் ஒரு கொறையும் இல்ல. அதாவது, கொறை இருந்துச்சு. யாருக்கும் தெரியல.

எனக்கு எப்படித் தெரிஞ்சுதுன்னா, ஒரு நாளு பென்சன் விசயமா நானும் கஸ்பார் படகுல போனேன். முட்டி வலி. அந்த வெள்ளப் படகு நாக்காலியில செத்த உக்காந்தேன். அந்தக் காவலாளிப் பய, "பெருசு, எந்திரி எந்திரி, மொதலாளி பாத்தா என்ன ஏசுவாரு"ன்னுட்டான். பதினாலு பொம்பளைய முன்னால. மதலேன் சிரிச்சா, தம்பி. வாயில முந்தானைய வச்சுக்கிட்டுச் சிரிச்சா.

அதுக்காக நான் மனு எழுதல. அத மொதல்லயே சொல்லிருதேன். பொதுத்துறைய ஒரு தனியாளு அடைச்சுப் போடலாமா? அதான் கேள்வி. அன்னைக்கு மத்தியானமே உக்காந்து மூணு காப்பி அடிச்சேன். 'எந்தப் படகும் தொடர்ந்து இரண்டு மணி நேரத்துக்கு மேல் கட்டப்படலாகாது.' மாநகராட்சியில ஒரு ஏ.இ. மேடம் இருக்காவ, என்ஜினியரு, சின்ன வயசு, நல்ல சுறுசுறுப்பு. படிச்சுப் பாத்துட்டு, "ஐயா, இப்படித் தெளிவா எழுதுற ஆள நான் பாத்ததில்ல"ன்னாவ. ஒரே மாசத்துல போர்டுல ரெண்டாவது வரி ஏறிட்டு. நான் டைப்படிச்ச வரி. ஒரு எழுத்து மாறல.

அந்த வெள்ளப் படகு? காவலாளி ரெண்டு மணி நேரத்துக்கு ஒருக்க அவுத்து, சிமெண்டுத் திமிங்கலம் வரைக்கும் போயி, திரும்பி வந்து அதே வளையத்துல கட்டிக்கிட்டான். எட்டு மணிக்கு ஒருக்க, பத்து மணிக்கு ஒருக்க, ஊர்வலம் மாதிரி. ஆனா நம்ம கஸ்பார் பய ரெண்டு மணி நேரம் முடிஞ்சதும் பேச்சிமுத்து விசிலடிக்க, சீட்ட அப்படியே போட்டுட்டு எஞ்சின் அடிச்சுச் சுத்தி வர வேண்டியதாப் போச்சு. "மச்சான், ஒங்களால டீசலு எரியுது"ன்னான். டீசல் எரியத்தான செய்யும்? நியாயம் எரியக் கூடாது. அப்படின்னு சொன்னேன்.

ரெண்டாவது மனு. 'ஒரு நாளில் ஒரு படகு ஒரு முறை மட்டுமே துறையை அணையலாம்.' போர்டுல மூணாவது வரி. வெள்ளப் படகு மறுநாளே போயிட்டு, தம்பி! அவருக்குக் கிளப்புல சொந்தத் துறை இருக்காம், அங்க கொண்டு கட்டிட்டாரு. மொத வளையம் காலி. நான் அந்தப் படியில தனியா நின்னு பாத்தேன். மனசுக்கு நெறைவா இருந்துச்சு. ஒரு ஆளும் கைதட்டல, அது வேற விசயம்.

கஸ்பாருக்கும் அதே சட்டம்தான, நான் என்ன செய்ய. காலையில எறக்கி விட்டான்னா பதினோரு மணிக்கு ஏத்த வர முடியாது. ஒரு நாளு வந்துட்டாளுவ பஸ்ஸுல, வெறுங்கூடையோட, வேர்த்து விறுவிறுத்து. ரெண்டாவது நாளும் பஸ்ஸு. மூணாவது நாளு பாத்தா எல்லாளும் படகுல சிரிச்சுக்கிட்டு வந்து எறங்குதாளுவ. எனக்கு ஒண்ணும் புரியல.

பெறவுதான் தெரிஞ்சுது. எங்க ஊர்ல படகுக்குப் பேரு எழுதுறது எல்லாத்துலயும் உண்டு, மாதா பேரு, புனிதரு பேரு. கஸ்பார் படகு 'சலேத் மாதா'. பேச்சிமுத்து நோட்டுல எழுதுறதும் பேரத்தான். நம்பர எழுதணும்னு போர்டுல எங்கயும் இல்ல, அது என் தப்புதான், ஒத்துக்கிடுதேன். இந்தப் பய என்ன செஞ்சிருக்கான்? எடது பக்கம் 'சலேத் மாதா'ன்னு இருந்தத அப்படியே விட்டுட்டு, வலது பக்கம் அழிச்சுப் 'புனித யாகப்பர்'னு எழுதிட்டான். காலையில வடக்கருந்து வந்து எடது பக்கத்தக் காட்டிக் கட்டுவான். பதினோரு மணிக்குத் தெக்க சுத்தி வந்து வலது பக்கத்தக் காட்டிக் கட்டுவான். பேச்சிமுத்து காலையில மாதாவ எழுதுவாரு, மத்தியானம் யாகப்பர எழுதுவாரு. ரெண்டு பேரும் ஒரு தடவதான் வந்துருக்காவ. நோட்டு சுத்தம். "யாகப்பரு நேரத்துக்கு வந்துட்டாரே"ன்னு பேச்சிமுத்து சொல்லுவாராம், கஸ்பாரு, "மாதா அனுப்பி வச்சா"ன்னு சொல்லுவானாம். அந்தால சீட்டு.

எனக்குச் சிரிப்பு வரலன்னு சொல்ல மாட்டேன். வந்துச்சு. ஆனா அன்னைக்கு ராத்திரி படுத்தா ஒரு வருத்தம். எதுக்கு, தம்பி, எங்க சனம் திருட்டுத்தனமா துறைக்குப் போவணும்? என்ன கொல பண்ணுனாளுவளா? மதலேன் முப்பத்திநாலு வருசமா அந்தக் கரையில கூடை சொமந்து ஏறுதா. அவளுக்கு அந்தப் படியில உரிமை இல்லயா? தலை நிமுந்து போவட்டும். அப்படி நெனச்சு, உண்மையா அவள நெனச்சு, காலையில மெசினத் தொறந்தேன்.

மூணாவது மனு. நான் எழுதுனதுலயே அதுதான் அருமையான மனு. 'எங்கள் ஊர் வழக்கப்படி ஒரே படகு இடப்புறம் ஒரு பெயரும் வலப்புறம் ஒரு பெயரும் கொண்டிருப்பதால், அதனை இரண்டு படகுகளாகக் கருதி, நாளொன்றுக்கு இருமுறை அணைய முறையான அனுமதி வழங்குமாறு...' கூடவே ஆதாரமா ரெண்டு போட்டோ. எடது பக்கம் ஒண்ணு, வலது பக்கம் ஒண்ணு. கஸ்பார் ரெண்டுலயும் சிரிச்சுக்கிட்டு நிக்கான். எதுக்குன்னு அவங்கிட்ட நான் சொல்லல, வேல முடிஞ்சதும் சந்தோசப்படட்டும்னு விட்டுட்டேன்.

ஏ.இ. மேடம் போட்டோவ ரொம்ப நேரம் பாத்தாவ. மறுநாளு நேராத் துறைக்கே வந்துட்டாவ. நானும் கூட நின்னேன், எங்கிட்ட நேர்ல கேட்டுக்கிடட்டும்னு. பதினோரு மணிக்குக் கஸ்பார் வாரான். மேடம், "இது எந்தப் படகு?"ன்னு கேட்டாவ. அந்தப் பய, "எந்தப் பக்கத்தக் கேக்கீய, மேடம்?"ன்னான். பேச்சிமுத்து அப்படியே படியில உக்காந்துட்டாரு.

என்னாச்சா? மூணே நாளுல படிக்கு மேல இரும்புக் கேட்டு, பெரிய பூட்டு. போர்டு முழுசும் அழிச்சுப் புதுசா எழுதிட்டாவ. 'பொதுமக்களின் மனுக்களைக் கருத்தில் கொண்டு, விதிமுறைகள் இறுதி செய்யப்படும் வரை படகுத்துறை மூடப்பட்டுள்ளது.' பாத்தீயளா? பொதுமக்களின் மனுக்கள். அந்த ஊர்ல மனு குடுக்கிற பொதுமக்கள் நான் ஒருத்தன்தான். அரசாங்கம் என்னப் போர்டுல எழுதிருக்கு. நான் ஊருக்கு வந்து சொல்லுதேன், ஒருத்தன் மூஞ்சியிலயும் ஈயாடல. பேச்சிமுத்துவக் குப்பைக் கெடங்குக்கு மாத்திட்டாவளாம். பாவம், நல்ல மனுசன்.

இந்தப் பஸ்ஸு மார்க்கெட்டுக்குப் போயிச் சேர எட்டரை ஆவும். நல்ல கிராக்கி ஏழு மணிக்கே முடிஞ்சிரும்னு சொல்லுதாளுவ. தினம் பாதிக் கூடை மீனு திரும்பி வருது. கருவாடு போடுதாளுவ, கருவாடும் நல்ல ஏவாரந்தான். ஆனா மதலேன் அன்னைக்குக் கூடைய எறக்கி வச்சா பாருங்க, ஒண்ணும் சொல்லல. சோறு போட்டா. ரசம் ஊத்துனா. கூடையில அவ்வளவு சாளையும் கெடக்கு, எனக்கு ரசம். மறுநாளும் ரசம். நாப்பத்திமூணு நாளா ரசந்தான், தம்பி. நேர்ச்சன்னுதான் நானும் நெனச்சேன். நேர்ச்சன்னா அவளும்லா சாப்பிடாம இருக்கணும்? அடுப்படியில அவளுக்குக் கொழம்பு வாசம் வருது.

ரசங்கூடப் பரவால்ல. வீட்டுல சத்தம் இல்ல. முன்னால நான் மெசின அடிச்சா, "ஏ, அந்தக் கோழி கொத்துற சத்தத்த நிறுத்துங்க, தூக்கம் வருது"ன்னு கத்துவா. இப்பம் அடிச்சா ஒண்ணும் சொல்ல மாட்டேங்கா. எனக்கு அது தாங்கல. உள்ளதச் சொல்லுதேன், தாங்கல.

அதுக்குத்தான் இன்னைக்கு நாலாவது மனு கொண்டு போறேன். இந்தா, பையில இருக்கு. இந்த பஸ்ஸப் பத்தி. இப்பம் பாருங்க, கூடைக்கு லக்கேஜ் டிக்கெட்டு போடணும், கண்டக்டரு போடுறதில்ல. கேட்டா, "வயசான பொம்பளைய, போட்டும் பெரியவரே"ங்காரு. அவருக்கு வீட்டுக்கு நாலு மீனு. இது எந்தச் சட்டத்துல இருக்கு? நாளைக்கு வேற கண்டக்டர் வந்து எறக்கி விட்டா? அதான், 'மீன்கூடைகளுக்கு முறையான விதிமுறை வகுத்துத் தருமாறு' எழுதிருக்கேன். நேத்து டீக்கடையில படிச்சுக் காமிச்சேன். எல்லாரும் எந்திரிச்சுப் போயிட்டானுவ. மீன் எறக்குற நேரம் போல.

ஆனா கேளுங்க, அதுல ஒரு நல்லது நடந்துச்சு. இன்னைக்குக் காலையில பஸ் ஸ்டாண்டுல மதலேன் எங்கிட்ட வந்தா. பேசுனா! நாப்பத்திமூணு நாளுக்குப் பெறவு. ஒரு கவர எங்கையில வச்சு, "கமிசனரு ஆபீஸ்ல குடுத்துருங்க"ன்னா. அம்புட்டுதான். போயிக் கடைசி சீட்டுல உக்காந்துட்டா. அவளே மனு எழுதிருக்கா பாருங்க! என்னப் பாத்துக் கத்துக்கிட்டா. எனக்குத் தொணையா, என் நாலாவது மனுவ ஆதரிச்சு எழுதியிருப்பான்னு நெனைக்கேன்.

நான் பிரிக்கல. அடுத்தவ காயிதத்தப் பிரிக்கிற பழக்கம் எனக்கு இல்ல. சோத்துப் பச போட்டு ஒட்டியிருக்கா, இந்தா பாருங்க, அதுவா வாயத் தொறந்துக்கிட்டு நிக்கி. படிக்காம ஒரு மனுவ நீட்டுனா ஆபீஸ்ல நம்மள என்ன நெனைப்பாவ? ஒரு தடவ பாத்துருதேன்.

அவ எழுத்துதான். எறா மாதிரி ஒவ்வொண்ணும் வளைஞ்சு கெடக்கு. 'ஐயா அவுகளுக்கு. திட்டு மீன்காரப் பொம்பளைய பதினாலு பேரு எழுதிக்கிடுறது. துறைக் கேட்டத் தொறந்து விடுங்க. நாங்க பாட்டுக்கு வந்து எங்க பாட்டுக்குப் போயிருவோம், ஒங்களுக்கு ஒரு தொந்தரவும் இல்ல. பேச்சிமுத்து அண்ணனத் திருப்பி அனுப்புங்க. அப்புறம் எங்க ஊரு சவரிராயன் இனிமே எத எழுதிக் குடுத்தாலும்...'

எத எழுதிக் குடுத்தாலும்...

'...வாங்காதீங்க. அவரு நல்ல மனுசன். கெட்டது நெனைக்க மாட்டாரு. ஆனா அவருக்குக் கை நிக்க மாட்டேங்குது. பஸ்ஸயும் மூடிட்டா நாங்க நீந்தித்தான் வரணும்.'

மொத கையெழுத்து மதலேன்.

இல்ல தம்பி, ஒண்ணுமில்ல. உப்பளத்துக் காத்து, கண்ணுல விழுது. சன்னலச் சாத்த வேண்டாம், இருக்கட்டும்.

நான் இத்தன மனு எழுதியிருக்கேன், எல்லாத்துலயும் 'பொதுமக்கள் சார்பாக'ன்னு போட்டிருக்கேன். ஒண்ணுலயாவது அவகிட்ட ஒரு கையெழுத்து கேட்டிருக்கனான்னா, கேட்டதில்ல. வீட்டுல, அடுப்புக்கும் மெசினுக்கும் ஆறடி தூரம். கேட்டதில்ல.

நீங்க சிரிக்கணும்னா சிரிச்சுக்கிடுங்க, அடக்காதீய. பதினாலு பேரு பின்னால அதத்தான செய்யுதாளுவ.

பேனா இருக்கா, தம்பி? எம் பேனாவக் காலையிலருந்து காணல. இந்தா பாருங்க, பெறுநர் போடல. தேதி போடல. இத இப்படியே குடுத்தா அந்த கிளார்க்கு, "தேதி இல்ல, நாளைக்கு வாங்க"ன்னு திருப்பிருவான், அவன எனக்குத் தெரியும். ஒரு வார்த்தையும் மாத்த மாட்டேன், பயப்படாதீய. அந்த 'நல்ல மனுச'னக் கூட அப்படியே விட்டுருதேன். மேல தேதி, கீழ எடம், பொருள்: படகுத்துறையைத் திறக்க வேண்டுதல். நானே நின்னு சீல் வாங்கிக் குடுத்துட்டுத்தான் வருவேன்.

என் மனுவா? அது கெடக்கு. அந்தா, கூடையிலருந்து மீன் தண்ணி வடிஞ்சு நடுப்பாதை வரைக்கும் வந்துட்டு பாருங்க, கண்டக்டரு பாத்தா முனங்குவாரு. நல்ல தடிச்ச தாளு, மூணு காப்பி. அத பின்னால குடுத்து விடுங்க, கூடைக்கு அடியில விரிச்சுக்கிடட்டும்.

ஏ மதலேன்! தேதி போடாம விட்டிருக்கியே!

என்ன சொன்னா? பஸ்ஸு எரைச்சல்ல எனக்குச் சரியா விழல. எல்லாளும் என்ன இந்தச் சிரிப்புச் சிரிக்காளுவ? நீங்க சொல்லுங்க தம்பி, ஒங்களுக்குக் கேட்டுச்சுல்லா. 'அதுக்குத்தான ஒங்ககிட்டக் குடுத்தேன்'னாளா? அப்படியா சொன்னா?

இந்தாங்க ஒங்க பேனா. வாங்கிச் சட்டைப் பையில வச்சிக்கிடுங்க, எங்கிட்ட இருக்க வேண்டாம்.